சோளகம் சொல்லிக்கொடுத்த விடைகள்

சாதாரண தரப் புவியியல் பரீட்சைக்கு முந்திய வாரம் புத்தளத்துக் கரையோரத்தில் என்னதான் நடக்கிறது என்று எட்டிப்பார்க்க ஆசையா? வாருங்கள், செருப்பை வாசலில் கழற்றுங்கள். பாயில் கால் வைக்காதீர்கள், அதன்மேல் இலங்கை கிடக்கிறது! நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப் படத்தாள்களை ஓரத்தோடு ஓரம் பொருத்தி விரித்திருக்கிறார்கள். நாடு முழுவதற்கும் 92 தாள்கள். இந்த வீட்டு விறாந்தையில் விரிந்திருப்பவை இந்தக் கரையோரத்தின் தாள்கள் மட்டும். அவற்றைச் சுற்றி முழங்காலிட்ட பதினோராம் தரப் பிள்ளைகள், பல்லில் பென்சில், கையில் நூல்.

நூல் எதற்கு? வளைந்து போகும் வீதியின் தூரத்தை அளக்க. பாலாவிச் சந்தியில் நூலின் ஒரு முனையை அழுத்திப் பிடித்து, வளைவுக்கு வளைவு நூலையும் வளைத்து, கற்பிட்டி வரைக்கும் கொண்டுபோக வேண்டும். பிறகு நூலை நிமிர்த்தி அடிமட்டத்தில் வைக்க வேண்டும். இந்தப் படத்தில் 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். எண்பது சென்ரிமீற்றரைத் தொட்டதும் ஒரு சத்தம் கிளம்புகிறது பாருங்கள்: "நாப்பது கிலோமீற்றர் மிஸ்! பஸ்காரன் சொன்னது சரிதான்!" தினமும் குலுங்கிக்குலுங்கி வருகிற வீதியை விரல்நுனியில் பிடித்துவிட்ட பூரிப்பு அது. எனக்கும் தொற்றிக்கொண்டது.

உண்மையான இரகசியம் இந்த விறாந்தையில் இல்லை. அது உப்பளத்தில் இருக்கிறது.

கரையோரப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. சமவுயரக் கோடுகளைப் பார்த்து மலையா, பள்ளத்தாக்கா, குத்துச்சரிவா என்று சொல்ல வேண்டும். ஆனால் கற்பிட்டிக் குடாநாட்டுத் தாளில் சமவுயரக் கோட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், நிலம் அவ்வளவு தட்டை. மலையையே காணாத பிள்ளைக்கு மலையின் குறுக்குவெட்டை எப்படிப் புரியவைப்பது? அந்த ஆசிரியை என்ன செய்தார் தெரியுமா? பிள்ளைகளைப் பாலாவிப் பக்கத்து உப்புப் பாத்திகளுக்குக் கூட்டிப்போனார். கிடுகு வேயாத உப்புக் குவியல் ஒன்றைத் தெரிந்தெடுத்தார். அளவு கீறிய கம்பொன்றை நட்டு, ஒவ்வோர் அடி உயரத்துக்கும் ஒரு நிறக் கம்பளி நூலைக் குவியலைச் சுற்றி ஓடவிட்டார். உப்பு வாருகிற ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பையன் லொறியின் மேல் ஏறி, அங்கிருந்து கைத்தொலைபேசியில் படமெடுத்தான்.

அந்தப் படத்தை நீங்கள் பார்க்க வேண்டும்! குவியலின் குத்தான பக்கத்தில் நூல்கள் நெருங்கி நிற்கின்றன, சாய்வான பக்கத்தில் விலகிப் படுத்திருக்கின்றன. அதற்குப் பிறகு சமவுயரக் கோட்டில் அந்த வகுப்பு தடுமாறவே இல்லை என்றார் ஆசிரியை. நான் அதை முழுமனதோடு நம்புகிறேன்.

அதே உப்பளத்தின் வரம்பில் நின்றபடிதான் அடுத்த பாடமும் நடந்தது. "இப்ப முகத்துல அடிக்கிற காத்து எது மகள்?" "சோளகம் மிஸ்." "கொப்பியில எப்படி எழுதணும்?" "தென்மேற்குப் பருவக்காற்று." "எங்க, இந்தக் காத்தை வச்சு எத்தனை விடை சொல்லுவீங்க?"

இங்கேதான் நான் கிறங்கிப்போனேன். ஒரே காற்று, அதிலிருந்து விடைகள் கொட்டுகின்றன!

முதலாவது, உப்பு. களப்பு ஆழமில்லாதது, நீர் உவர்ப்பு மிக்கது, பாத்தியின் களிமண் நீரைக் கீழே இறங்கவிடாது. இத்தனையும் இருந்தும் வெயிலோடு இந்தக் காற்றும் சேர்ந்து நீரை ஆவியாக்கினால்தான் உப்பு விளையும். அடுத்தது, மின்சாரம். மாம்புரியில் 2010இல் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. அவை அங்கே நிற்பதற்குக் காரணம் இந்தக் காற்று. அங்கிருந்து எட்டிப்போகிற தூரத்தில் நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையம், 300 மெகாவற்று அலகுகள் மூன்று, மொத்தம் 900. அதற்கான நிலக்கரியைக் கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து பார்ஜ்களில் இறக்கித்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் கடல் அதற்கு இடங்கொடாது. ஆகவே ஆண்டு முழுவதும் எரிக்கிற நிலக்கரியைக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களுக்குள் இறக்கிக் குவித்துவிட வேண்டும். ஒரே காற்று ஒரு மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு மற்றதற்குப் போகும் கப்பலை மறிக்கிறது! பரீட்சை எழுதும் பிள்ளைக்கு இதைவிடச் சுவையான உதாரணம் உலகத்தில் எங்கே கிடைக்கும்?

இன்னும் முடியவில்லை. சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர் பலர் இந்தக் காலத்தில் வலையைச் சுருட்டிக்கொண்டு கிழக்குக் கரையில் வாடி போடப் போகிறார்கள், அங்கே அப்போது கடல் அமைதி. பருவகால இடப்பெயர்வு என்று பாடநூல் சொல்வது இதைத்தான். மேற்குக் கடல் இவர்களை அனுப்பிவைக்கும் அதே மாதங்களில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீர்மேல் சறுக்க விரும்புகிற வெளிநாட்டார் கற்பிட்டிக்கு வந்து குவிகிறார்கள். அது சுற்றுலாத்துறை வினாவுக்கு.

பிறகு ஆசிரியை ஒரு குண்டைப் போட்டார்: "இவ்வளவு ஈரக்காத்து கடல்லேருந்து வருது. அப்ப இங்க ஏன் மழை இல்ல?" சற்றுநேரம் ஒருவரும் வாய்திறக்கவில்லை. உப்பு வாருகிறவர்களும் யோசித்தார்கள். கடைசியில் ஒரு சின்னக் குரல்: "மேல ஏத்துறதுக்கு மலை இல்ல மிஸ்." அவ்வளவுதான்! காற்று இங்கே தட்டையான நிலத்தின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடுகிறது. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்த பிறகுதான் கினிகத்தேனைப் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. புத்தளத்துக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குமான நாட்களில்தான். கம்பளி சுற்றிய உப்புக் குவியலைக் காட்டி அந்தப் பிள்ளை இதை விளங்கப்படுத்தியபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. தட்டினேன்.

காலநிலை வலயங்களுக்கு வேறொரு வழி, நீர்கொழும்பிலிருந்து புத்தளம் வரும் பஸ்ஸின் யன்னல். கொச்சிக்கடையில் மகா ஓயாவைக் கடந்ததும் மாவட்டம் தொடங்கிவிடும். வென்னப்புவை, மாரவில வழியெல்லாம் தென்னை. தென்னை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் லுணுவிலயும் இந்தப் பக்கம்தான். சிலாபத்தைத் தாண்டி முந்தலை நெருங்க நெருங்கப் பசுமை மெலிந்து, இறால் பண்ணைகளும் பனையும் முட்பற்றைகளும் தலைகாட்டும், அப்புறம் உப்பு. இடை வலயத்திலிருந்து உலர் வலயத்துக்குக் கடந்துவிட்டோம் என்று நடத்துநர் கூவத் தேவையில்லை. இந்த வகுப்பில் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் யன்னல் ஓரத்துக்குச் சண்டை பிடிக்கிறார்களாம், மீட்டல் செய்வதற்காக!

ஆறுகளை வடக்கிலிருந்து தெற்காக ஒரே மூச்சில் சொல்வார்கள்: மோதரகம் ஆறு, கலா ஓயா, மீ ஓயா, தெதுரு ஓயா, மகா ஓயா. இந்த ஆற்று வரிசைக்கு நடுவே இபின் பதூதாவையும் ஆசிரியை கொண்டுவந்து நிறுத்துகிறார். 1344இல் இந்தக் கரையில் இறங்கிய அந்த மொரோக்கோப் பயணி, வெள்ளம் அடித்துக்கொண்டுவந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆற்றின் கடத்தலும் படிவும் ஒரே வரியில்! இந்தப் பாடத்தைப் புத்தளத்தில் முதலில் எழுதியவர் அவர்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

சனத்தொகைப் பாடம் வந்தபோது கலகலப்பு தணிந்தது. தள்ளும் காரணி, இழுக்கும் காரணி என்று பலகையில் இரண்டு நிரல். ஒரு மாணவி எழுந்து, தன் உம்மும்மா மன்னாரிலிருந்து வந்தவர், அதை எந்த நிரலில் எழுதுவது என்று கேட்டாள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்த மாவட்டம் இது. ஆசிரியை அவசரப்படவில்லை. விரும்பிப் போவது வேறு, போகச் செய்வது வேறு, இரண்டாவதற்குப் பெயர் பலவந்த இடப்பெயர்வு என்று தனியாக மூன்றாவது நிரல் ஒன்றைக் கீறினார். அந்த மூன்றாவது நிரலுக்காகவே அவரை நான் மறக்கமாட்டேன்.

சூறாவளிக்கு இனி உதாரணம் தேட வேண்டியதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையே இடைநடுவில் நின்று, மிகுதிப் பாடங்கள் 2026 ஜனவரிக்குப் போயின. அப்போது அக்காமார், நானாமார் பரீட்சை மண்டபத்துக்குப் போகாமல் வீட்டில் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை இந்தப் பிள்ளைகள் கண்டவர்கள். வெள்ளத் தணிப்புப் பற்றி இவர்கள் எழுதுகிற விடையில் ஒரு வேகம் இருக்கிறது.

சரி, பரீட்சை நாளுக்குத் தாவுவோம். மண்டபத்துக்குள் யாருக்கும் அனுமதியில்லை, ஆகவே நான் காத்திருந்தது வாசலில். மணியடித்ததும் வினாத்தாளை விசிறிக்கொண்டு ஓடிவந்தார்கள். "மிஸ், குறுக்குவெட்டு கீறினேன், உப்புக் குவியல் மாதிரியே வந்துச்சு!" "மிஸ், நான் கலா ஓயாவுக்கு மீ ஓயா என்டு எழுதிட்டேன்!" "எலுவன்குளத்துல மாமா வீட்டுக்குப் போய்க் குளிக்கிற ஆறு எது மகன்?" "கலா ஓயா மிஸ்..." அவன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து, குளித்த ஆற்றைப் பரீட்சகருக்குத் தெரியவா போகிறது என்று கூட்டாளிகள் தேற்றினார்கள்.

மூன்றாவது நிரல் மாணவி ஓரமாக நின்று விடைகளை மனதுக்குள் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள். கேட்டேன். உயர்தரத்துக்கும் புவியியல்தான் எடுக்கப்போவதாகச் சொன்னாள், துளிகூடத் தயக்கமில்லாமல்.

அதற்குள் அடுத்த கச்சேரி ஆரம்பமாகிவிட்டது. பரீட்சை முடிந்தால் அறுவைக்காட்டுக்குக் கூட்டிப்போவதாக ஆசிரியை வாக்குக் கொடுத்திருந்தாராம். சீமெந்து ஆலைக்குச் சுண்ணக்கல் வெட்டுகிற இடம் அது, மயோசின் காலத்துக் கடலடியின் மிச்சம். பழங்காலச் சிப்பிகளின் உயிர்ச்சுவடுகள் அந்தக் கல்லுக்குள்ளே கிடக்கின்றன. பரீட்சைதான் முடிந்துவிட்டதே, இனி எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். என்ன கேள்வி இது என்பதுபோல எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வேனில் யன்னல் சீற்று யாருக்கு என்று வழக்குத் தொடங்கியது. பெயர் பதியத் தொடங்கியபோது நானும் பெயர் கொடுத்துவிட்டேன்.