ஐந்தைப் பழமாக்கலாமா?

விளாத்திகுளம் பக்கத்துத் திண்ணைகளில் தாயம் ஆடியவர்களுக்குத் தெரியும்: காய் நடுவீடு ஏறிவிட்டால் அது பழம், திரும்பக் கட்டத்துக்கு வராது. கணினியில் ஆடும் ஃப்ரீசெல் சீட்டாட்டத்திலும் அப்படித்தான்.

பால் ஆல்ஃபில் 1978இல் பிளேட்டோ கணினிக்காக எழுதிய ஆட்டம் இது. விண்டோஸ் 95 வழியாக வீடு, அலுவலகம் எங்கும் பரவியது. 52 சீட்டுகளும் எட்டு வரிசைகளில் முகம் தெரியக் கிடக்கும். வரிசைக்குள் சிவப்பின் மேல் கறுப்பு, கறுப்பின் மேல் சிவப்பு என ஒவ்வோர் எண்ணாகக் குறைத்து அடுக்கலாம். சீட்டை ஒதுக்கிவைக்க நான்கு காலி அறைகள். ஏஸ் தொடங்கி ராஜா வரை இனவாரியாக ஏற்ற நான்கு வீடுகள். எல்லாம் ஏறினால் வெற்றி.

ஆட்டின் (சிவப்பு ஹார்ட்) 4 வீட்டில் ஏறிவிட்டது. 5 கைக்கு வருகிறது. ஏற்றலாமா? அவசரப்படக் கூடாது. கிளாவர் 4 எங்கோ அடியில் புதைந்திருந்தால், அது வெளியே வரும்போது உட்கார இந்த 5 தேவைப்படலாம். ஸ்பேட் 4, கிளாவர் 4 இரண்டும் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், 5இன் மேல் வந்து உட்காரச் சீட்டே இல்லை. தயங்காமல் ஏற்றலாம். ஏஸும் இரண்டும் எப்போது ஏற முடிந்தாலும் ஆபத்தில்லை என்பதும் இதே கணக்குதான்.

விதியை இன்னும் கொஞ்சம் தளர்த்தலாம். கறுப்பு இரண்டும் 3 வரை, டைமன் 2 வரை ஏறியிருந்தாலே போதும். கறுப்பு 4 வெளியே வந்தால் நேரே வீட்டுக்குப் போய்விடும். அந்த 4இன் மேல் உட்கார டைமன் 3 காத்திருக்குமோ என்றால், அதற்கும் வீடு திறந்தே இருக்கிறது.

தானே தீர்வு தேடும் நிரலுக்கு இந்த விதி பெரிய வரம். ஒவ்வொரு நிலையிலும் பல நகர்த்தல்கள், ஒவ்வொன்றிலிருந்தும் மேலும் பல என்று கிளைகள் பெருகிக்கொண்டே போகும். பாதுகாப்பான நகர்த்தல் ஒன்று கண்ணில் பட்டால், அதை மட்டும் ஆடிவிட்டு மற்றக் கிளைகளை விட்டுவிடலாம். ஆட்டத்துக்குத் தீர்வு இருந்தால் அது கைநழுவாது.

மைக்ரோசாஃப்ட் ஃப்ரீசெல்லில் 32,000 ஆட்டங்கள் இருந்தன. 1994–95இல் டேவ் ரிங் இணையத்தில் ஆள்திரட்டி அவற்றை ஆடவைத்தார். யாராலும் முடிக்க முடியாமல் நின்றது 11982ஆம் ஆட்டம் ஒன்றுதான். பிறகு நிரல்களும் தேடிப் பார்த்து, அதற்கு வழியே இல்லை என்றன. ‘வழி இருக்கிறது’ என்று காட்ட ஒரு வழி போதும். ‘இல்லை’ என்று சொல்ல, ஒரு வழியையும் தவறவிட்டிருக்கக் கூடாது. அதனால்தான் ஓர் ஐந்தை ஏற்றுமுன் இத்தனை யோசனை.