குற்றாலம் எண்ணெய் மசாஜ்

குற்றாலம் எண்ணெய் மசாஜ் என்பது தென்காசி மாவட்டம் குற்றாலத்தில் அருவிக்குக் குளிக்க வருவோருக்கு உடலெங்கும் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் தொழிலாகும். தேய்த்துக்கொண்டவர் பிறகு அருவியில் நின்று எண்ணெயைப் போக்கிக்கொள்வார். இதனால் கிடைக்கும் சுகத்தைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். தேய்ப்பவரின் கைக்கும் முதுகுக்கும் என்ன ஆகிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. தொழில் பழகும் மாணவருக்கோ அதுவும் பாடத்தில் ஒரு பகுதி.

பருவமும் தொழிலும்

தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்தின் சீசன். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் கூட்டம் இருக்கும். மற்ற நாட்களில் வேலை குறைவு. வெள்ளம் வந்து குளிக்கத் தடை விதித்துவிட்டால் சீசனிலும் வருமானம் நின்றுபோகும். ஆகவே கூட்டம் உள்ள நாளில் ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் என்று ஓய்வில்லாமல் தேய்க்க நேர்கிறது. கை கெடுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நாட்களில்தான்.

எண்ணெய்க்கும் இவ்வூருக்கும் உள்ள உறவு கோவில்வரை செல்கிறது. குற்றாலநாதருக்கு மூலிகைத் தைலம் சாத்தும் வழக்கம் உண்டு. அருவி ஓயாமல் கொட்டும் ஊரில் சுவாமிக்குத் தலைவலி வராதிருக்கவே இந்தத் தைலம் என்று மக்கள் சொல்வார்கள்.

கற்றல்

இது பெரும்பாலும் மூத்தவர்களுடன் நின்று பார்த்துப் பழகும் தொழில். முறைப்படி படிக்க விரும்புவோருக்குச் சித்த மருத்துவம் ஒரு வழி. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இல் தொடங்கியது. சித்த மருத்துவம் உடலைப் பிடித்துவிடுவதைத் தொக்கணம் என்கிறது. 32 புறமருத்துவ முறைகளுள் இதுவும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது 9 வகைப்படும். இவற்றில் முறுக்கலும் இழுத்தலும் மூட்டுகளைக் கையாள்வதால் தொடக்கநிலை மாணவர் ஆசிரியர் உடனில்லாமல் செய்யக் கூடாது. கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கும் பழக்கத்தை அறவே விட்டுவிடுவது நல்லது. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அதனால் கிழிய, அரிதாகவேனும், வாய்ப்புண்டு.

யாருக்குத் தேய்க்கக் கூடாது என்பதையும் மாணவர் தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சல், தோல் தொற்று, ஆறாத எலும்பு முறிவு உள்ளவர்களைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் இருந்தால் அது இரத்தக்கட்டாக இருக்கலாம். அழுத்தினால் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். அவரை உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டும்.

தேய்ப்பவரின் உடல்நலம்

முதலில் பழுதாவது கட்டைவிரலின் அடிமூட்டு. கூனி, சாவோ ஆகியோர் 1977இல் வெளியிட்ட ஆய்வின்படி, விரல்நுனியால் 1 கிலோ விசையில் கிள்ளிப் பிடிக்கும்போது அந்த மூட்டில் சுமார் 12 கிலோ விசை விழுகிறது. நாள் முழுதும் கட்டைவிரலாலேயே அழுத்துபவரின் மூட்டு என்ன பாடுபடும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

எனவே பெரிய தசைகளுக்கு உள்ளங்கையின் அடிப்பகுதியையும் முன்கையையும் பயன்படுத்திக் கட்டைவிரலைச் சிறு இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு மடங்காமல், கையை ஊன்றி உடல் எடையைச் சாய்த்தால் அதே அழுத்தம் குறைந்த உழைப்பில் கிடைக்கும். களரி மரபில் மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் உழிவதுண்டு. அம்முறையில் கைக்கு வேலையே இல்லை. ஆனால் எடையைக் கட்டுப்படுத்தப் பல ஆண்டுப் பயிற்சி தேவை.

வாடிக்கையாளர் தரையிலோ தாழ்வான பலகையிலோ இருக்கும்போது இடுப்பை வளைத்துக் குனிவதைவிட ஒரு முழங்காலை ஊன்றி அமர்வது முதுகுக்கு நல்லது. எண்ணெயும் நீரும் சேர்ந்து தரை வழுக்கும் என்பதால், காலை ஊன்றும் இடத்தை முன்கூட்டியே துடைத்துவிட வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டுவதும், ஒவ்வொருவருக்குப் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

இரவில் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போனால் மணிக்கட்டு நரம்பு நெருக்கப்படுகிறது என்று பொருள் கொள்ளலாம். வலியை எண்ணெய் போட்டுத் தேய்த்துச் சமாளிக்காமல் வேலையை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாள்கூலியை நம்பியிருப்பவருக்குச் சீசன் நடுவில் இது எளிதல்ல. இரண்டு பேர் சேர்ந்து முறைவைத்து வேலை செய்தால், ஒருவர் தேய்க்கும்போது மற்றவரின் கைக்கு ஓய்வு கிடைக்கும்.