பண்டிகைக்கு வான்கோழி: வீட்டில் சமைக்கும் வழிகள்



கிறிஸ்மஸ் நெருங்கினால் பல வீடுகளில் வான்கோழிப் பேச்சு வந்துவிடும். கிறிஸ்துவக் குடும்பங்கள் மட்டுமல்ல, வீட்டுப் பின்னால் வளர்த்ததைத் தீபாவளிக்கு அறுப்பவர்களும் உண்டு. மலாய்க்காரர்கள் இதற்கு 'ஆயாம் பெலாண்டா' என்று பேர் வைத்திருக்கிறார்கள். டச்சுக்காரர் கோழி என்று பொருள். உண்மையில் இது அமெரிக்கக் கண்டத்துப் பறவை. பேர் எதுவானாலும், சுத்தம் செய்த ஐந்து கிலோ வான்கோழி ஒன்று பத்துப் பேருக்குக் காணும்.

அந்தப் பெரிய உடம்பில்தான் கவனிக்க வேண்டிய விஷயமும் இருக்கிறது. பெரிய கறி மெதுவாக ஐஸ் விடும், மெதுவாக வேகும், மெதுவாக ஆறும். இந்த மூன்று இடத்திலும் கிருமிகளுக்கு நேரம் கிடைக்கிறது. எந்த முறையில் சமைத்தாலும் இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஐஸ் விடுவது

கடையில் வாங்கும் வான்கோழி பெரும்பாலும் கல் போல உறைந்திருக்கும். அதை ராத்திரி முழுக்க மேசை மேலே வைத்துவிடுவது தப்பு. உள்ளே ஐஸ் இருக்கும்போதே வெளிப்பக்கம் சூடேறி, கிருமி பெருக ஆரம்பித்துவிடும். ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில், ஒரு தட்டின் மேல் வையுங்கள். இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்று கணக்கு. ஐந்து கிலோ பறவைக்கு இரண்டரை நாள் வேண்டும். அவசரமானால், தண்ணீர் புகாத பையில் கட்டி, குளிர்ந்த தண்ணீரில் முக்கி, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும். கிலோவுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். இப்படிச் செய்தால் உடனே சமைத்துவிட வேண்டும்.

கடைக் கோழியை மறுபடியும் குழாயடியில் கழுவ வேண்டியதில்லை. தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் இருக்கும் தட்டு, காய்கறி மேலெல்லாம் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வீட்டில் அறுத்த பறவையை வெளியே வைத்துச் சுத்தம் செய்யுங்கள். பச்சைக் கறி வெட்டிய பலகை, கத்தி, கை மூன்றையும் சவுக்காரம் போட்டுக் கழுவின பிறகே வேறு வேலை.

எப்படிச் சமைக்கலாம்?

1. கறிக் குழம்பு. நம் வீடுகளுக்கு இதுதான் வசதி. பறவையைச் சின்னத் துண்டுகளாக வெட்டிவிட்டால் சூடு சீக்கிரம் எலும்பு வரை போய்விடும். மசாலாவில் புரட்டி, மூடி போட்டு, சின்ன நெருப்பில் ஒன்றரை மணி நேரம் வேகட்டும். வீட்டில் வளர்ந்த முற்றின சேவலாக இருந்தால் கூடவே பிடிக்கும். தேங்காய்ப் பாலைக் கடைசியில் ஊற்றி ஒரு கொதி விடுங்கள். பால் சேர்ந்த குழம்பு சீக்கிரம் கெடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

2. பிரஷர் குக்கர். முற்றின கறிக்கு நல்லது, கேஸும் மிச்சம். துண்டுகள் அரை மணி நேரத்தில் மெத்தென்று ஆகிவிடும். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. ஆவி முழுக்க அடங்கும் முன்னே மூடியைத் திறக்கவும் கூடாது.

3. ஓவனில் முழுசாக. 165 டிகிரி சூட்டில் ஐந்து கிலோ பறவைக்குச் சுமார் மூன்று மணி நேரம். மேல்தோல் சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். வயிற்றுக்குள் ரொட்டி, உருளைக்கிழங்கு என்று அடைத்தால் நடுவில் சூடு போய்ச் சேர நேரமாகும். அடைப்பதைத் தனிச் சட்டியில் வேக வைப்பதே பத்திரம்.

4. கரி நெருப்பில் சுடுவது. மேலே கருகி உள்ளே பச்சையாக இருப்பது இதில்தான் அதிகம். துண்டாக்கி, மசாலாவில் முழுக்க அவித்து, அந்தச் சூட்டோடு நெருப்பில் வாட்டுங்கள். அரை வேக்காட்டில் எடுத்து வைத்து, சாயங்காலம் சுட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

5. எண்ணெயில் முழுசாகப் பொரிப்பது. இது வேண்டவே வேண்டாம். ஈரமோ ஐஸோ கொஞ்சம் இருந்தாலும் கொதிக்கிற எண்ணெய் பொங்கி வழிந்து நெருப்புப் பிடிக்கும். பொரியல் ஆசை இருந்தால், அவித்த துண்டுகளை ஈரம் துடைத்து, குவாலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொரியுங்கள்.

வெந்ததா என்று எப்படித் தெரியும்? கறிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி இருந்தால், தொடையின் கனத்த இடத்தில் எலும்பைத் தொடாமல் குத்துங்கள். 74 டிகிரி காட்ட வேண்டும். அது இல்லாதவர்கள் துண்டாக்கிச் சமைப்பதே மேல். கனத்த துண்டு ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே சிவப்பு இருந்தால் திரும்ப அடுப்பில் ஏற்றுங்கள்.

சமைத்த பிறகுதான் ஆபத்து

"நல்லா கொதிக்க வெச்ச குழம்புதானே ஐயா, அது எப்படி வயித்த கெடுக்கும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் கொதியில் செத்துவிடும். ஆனால் கிளாஸ்டிரிடியம் என்ற ஒரு வகை உண்டு. அது விதை போல உருமாறி, கொதிக்கும் குழம்பிலும் உயிர் பிழைத்துக் கிடக்கும். அடுப்பை அணைத்து, பெரிய சட்டியை மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். சட்டியின் நடுப்பகுதி மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தச் சூட்டில் விதை முளைத்து, பல மடங்கு பெருகிவிடும். காலையில் மணமும் மாறியிருக்காது, ருசியும் மாறியிருக்காது. லேசாகச் சுட வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். அன்றைக்கே வயிற்றுப் பிடிப்பும் போக்கும் வந்துவிடும்.

ஆகையால் சமைத்த கறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான். விருந்தாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள் என்றால், ஒரு சின்னச் சட்டியில் எடுத்துப் பரிமாறுங்கள். மீதி அடுப்பில் ஆவி பறக்கச் சூடாகவே இருக்கட்டும். விருந்து முடிந்ததும், மிச்சத்தை அகலமான சின்னப் பாத்திரங்களில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, ஆவி அடங்கியதும் ஐஸ்பெட்டியில் வையுங்கள். முழுசாகச் சுட்ட பறவையானால் கறியை எலும்பிலிருந்து பிரித்து வையுங்கள். மூன்று நாளுக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். எடுக்கும்போது வேண்டிய அளவு மட்டும் எடுத்து, தளதளவென்று கொதிக்க வையுங்கள். ஐஸ்பெட்டி இல்லாத வீட்டில் மிச்சம் வைக்கும் கணக்கே வேண்டாம். அளவாகச் சமையுங்கள், அதிகமானதை அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

வயிறு கெட்டுவிட்டால்

முதலில் உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்புச் சர்க்கரைத் தூள் பொட்டலம் கிளினிக்கில் கிடைக்கும். கையில் இல்லாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டின ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். அளவு மாறக் கூடாது, உப்பு கூடினால் கெடுதல். பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தி, கண் குழிவிழுதல், சிறுநீர் போகாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயசாளி, இனிப்பு நீர்க்காரர் என்றால் இன்னும் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆசையாக வளர்த்த பறவை, இல்லாவிட்டால் மிச்சம் பிடித்த காசில் வாங்கிய பறவை. அது வீட்டாருக்கும் வந்தவர்களுக்கும் பலமாகச் சேர வேண்டும். சின்னதாக வெட்டுங்கள், முழுக்க வேக வையுங்கள், ராத்திரி தூங்கும் முன் பெரிய சட்டியைக் காலி பண்ணிவிடுங்கள். பண்டிகை மகிழ்ச்சியாக நடக்கட்டும்!