நாலு நகர்த்தலில் தோல்வி

நெல்லியடியில் பாடசாலைச் சதுரங்கப் போட்டிக்குப் போன மகள் அழுதுகொண்டு வந்தாள். நாலாவது நகர்த்தலிலேயே தோல்வி. "எனக்கு மூளை இல்லையம்மா" என்றாள்.

எப்படித் தோற்றாய் என்று ஆடிக்காட்டச் சொன்னேன். வெள்ளைக் காய் ஆடிய பிள்ளை மந்திரியையும் இராணியையும் வெளியே எடுத்து, ராஜாவைத் தவிர வேறு காவலில்லாத ஒரு சிப்பாயைக் குறிவைத்திருக்கிறாள். மகளோ இராணியை விரட்டுவதற்குக் குதிரையை இறக்கினாள். இராணி அந்தச் சிப்பாயை வெட்டியது, ராஜா அகப்பட்டார். ராஜா பக்கத்துக் குதிரையின் முன் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தால் வழி அடைபட்டு, இராணிதான் பின்வாங்கியிருக்கும். மறுபடி மிரட்டினால் அப்போது குதிரையை இறக்கலாம். தெரியாத தொடக்கம், அவ்வளவுதான்.

அவளுக்குப் பாத்திமாவின் கதையைச் சொன்னேன். பஞ்சாபில் சேர் உமர் ஹயாத் கான் வீட்டுப் பணிப்பெண். அக்கால இந்திய ஆட்டத்தில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். மேல்நாட்டுத் தொடக்கங்கள் அங்கே பழக்கமில்லை. அப்படியிருந்தும் 1933 இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் பிரித்தானியப் பெண்கள் பட்டத்தை வென்றார்.

எங்கள் பலகை அவளுடைய அப்பாவினது. இடம்பெயர்ந்தபோது தொலைந்த சிப்பாய்க்குப் பதிலாக ஒரு சட்டைத் தெறி நிற்கிறது. இரவு குசினியில் அதை விரித்தோம். முதல் ஆட்டத்திலேயே என்னை அதே பொறியில் மாட்டிவிட்டுச் சிரித்தாள்.