வெயிலில் ஒளிரும் உக்கல்

மண்ணிலுள்ள சேதனப் பொருளான உக்கல் வெயிலில் சிதையும்போது மிக மங்கலான ஒளியொன்று வெளிப்படுகிறது. கண்ணுக்கு அது எட்டாது. ஒளித்துணிக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணும் கருவிக்கே எட்டும். ஈரக் காட்டில் உக்கிய கட்டையில் சில காளான்கள் காட்டும் பச்சை வெளிச்சம் வேறு. அதை உயிர் உண்டாக்குகிறது. இதற்கு உயிர் வேண்டாம். வெயிலும் ஒட்சிசனும் போதும். போலந்தில் தனுத்தா ஸ்லாவின்ஸ்கா, யானுஷ் ஸ்லாவின்ஸ்கி ஆகியோர் 1970களில் இதை ஆராய்ந்தார்கள்.

உக்கலின் கபில நிறமே இதற்கு வாசல். மரத்தின் லிக்னினிலிருந்து மிஞ்சிய பீனோல்களும் குயினோன்களும் புறஊதாவையும் நீல ஒளியையும் விழுங்குகின்றன. விழுங்கிய சக்தி ஒட்சிசனுக்குக் கைமாறுகிறது. கூடவே சுயாதீன மூலிகங்களும் பிறக்கின்றன. மூலிகம் ஒட்சிசனோடு சேர்ந்து பரொட்சி மூலிகமாகிறது. அப்படிப்பட்ட இரண்டு மோதி உடையும்போது மிஞ்சும் சக்தி, கிளர்ந்த காபனைல் கூட்டமொன்றில் தங்குகிறது. அது தணியும்போது நீலமும் பச்சையும் கலந்த ஒளி வருகிறது. கிளர்ந்த ஒட்சிசனும் 1,270 நனோமீற்றரில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை உமிழ்கிறது. அதன் இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்தால் 634, 703 நனோமீற்றரில் சிவப்பு. சாதாரண உடனொளிர்வு விளக்கை அணைத்த கணமே மறையும். இந்த ஒளியோ, மூலிகங்கள் தீரும்வரை சிறிது நேரம் தேய்ந்துகொண்டே இருக்கும். உடைந்த பொருள் கடைசியில் சிற்றமிலங்களாகவும் காபனோரொட்சைட்டாகவும் காபனீரொட்சைட்டாகவும் போய்விடுகிறது. ஒளிர்வது இழப்பின் அடையாளம்.

வட இலங்கையின் வன்னிக்கு இது தூரத்துக் கதையல்ல. ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான மழையில் காலபோகம் விளைகிறது. அதன்பின் சோழகக் காற்று வீசும் மாதங்களில் நிலம் காய்கிறது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் நீர் எட்டும் வயல்களில் சிறுபோகம் செய்யலாம். மானாவாரி வயல்கள் வெறுமையாகவே வெயிலில் கிடக்கின்றன. வறண்ட மண்ணில் நுண்ணங்கிகள் ஓய்ந்திருக்க, வெயில் மட்டும் வேலை செய்கிறது. ஆனால் ஒளி மண்ணுக்குள் ஒரு மில்லிமீற்றர்கூடப் போகாது. மேற்தோல் மட்டுமே நேரடியாகச் சிதையும். உழவு புதிய மண்ணை மேலே கொண்டுவந்தால் அதுவும் வெயிலுக்கு வெளிப்படும். காட்டோரச் சிறுகுளங்களில் இலை ஊறி, தேயிலைச் சாயம் போலிருக்கும் நீரில் ஒளி இன்னும் ஆழமாக இறங்குவதால் அங்கேயும் இதே வேதியியல் நடக்கிறது.

தரையில் கிடக்கும் சருகிலும் வைக்கோலிலும் வெயிலின் பங்கு பெரிது. ஆர்ஜென்ரீனாவின் பட்டகோனியாப் புல்வெளியில், சருகு சிதைவதில் சூரிய ஒளிக்கே முதன்மைப் பங்கு என்று ஏமி ஒஸ்ரினும் லூசியா விவான்கோவும் 2006இல் காட்டினார்கள். வன்னியில் மழையும் கறையானும் அதைவிட வலியவை. ஆயினும் கோடை நீண்டது. வைக்கோலைக் கொளுத்தாமல் வயலில் பரப்பிவிடுவதே நல்லது. வெயில் முதலில் வைக்கோலைத் தாக்கும், மண்ணின் உக்கல் தப்பும். வெயில் லிக்னினைத் தளர்த்திவைத்த வைக்கோலை, ஒக்டோபர் மழை விழுந்ததும் நுண்ணங்கிகள் விரைவாகத் தின்று மண்ணோடு சேர்க்கின்றன.