மாதா கோயில் திருவிழா நோட்டீசும் மளிகைக் கடையும்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆடிக் கிருத்திகைக்கும் எப்போது சரக்கு பிடிக்க வேண்டும் என்று நம் வணிகப் பெருமக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கத்தோலிக்கக் கோயில் திருவிழா என்றால், ஒலிபெருக்கி கட்டிய பிறகுதான் பலருக்கு நினைவு வருகிறது. அதற்குள் விழாக் குழுவினர் வேலூர் சென்று மொத்தமாகக் கொள்முதல் செய்து முடித்திருப்பார்கள். கணியம்பாடி, அமிர்தி சாலை, ஜவ்வாது மலை அடிவாரம் ஆகிய இடங்களில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள், அந்தத் திருவிழாச் செய்தி எவ்வாறு பரவுகிறது என்பதை அறிந்து வைத்துக்கொண்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோயிலும் அதைச் சேர்ந்த ஊர்களும் கொண்டது ஒரு 'பங்கு'. பல பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம். நம் பகுதி, 1952-ல் உருவான வேலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.

விழாச் செய்தி முதலில் வெளிவருவது சுவரொட்டியில் அல்ல; ஞாயிறு திருப்பலியின் முடிவில் வாசிக்கப்படும் அறிவிப்பில்தான். அங்கிருந்து 'அன்பியம்' எனப்படும் சிறு சிறு குடும்பக் குழுக்கள் மூலம் வீடு வீடாகச் செல்கிறது. அதன் பிறகே நோட்டீஸ் அச்சாகிறது. அந்த நோட்டீசை ஒருமுறை கவனமாகப் படித்துப் பாருங்கள். எந்த நாள் எந்த அன்பியத்தின் பொறுப்பு, எந்த ஊரின் பொறுப்பு என்று பெரும்பாலும் அதில் போட்டிருக்கும். யாருடைய பெயர் அச்சாகிறதோ அவர்கள் தங்கள் உற்றார் உறவினரை அழைத்து வருவார்கள். இதைவிடச் சிக்கனமான விளம்பரம் வேறில்லை. இப்போது அதே நோட்டீஸ் வாட்ஸ்அப்பிலும் வருகிறது. ஆனால் ஆளைக் கூட்டி வருவது அந்தப் பெயர்ப்பட்டியல்தான்.

அடுத்தது கொடியேற்றம். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-ல் கொடி ஏறி, செப்டம்பர் 8-ல் திருவிழா. தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் ஜூலை 26-ல் கொடி ஏறி, ஆகஸ்ட் 5-ல் திருவிழா. சிறிய பங்குகளில் மூன்று நாளோடு முடிப்பதும் உண்டு. கொடி ஏறிய பின் நவநாள், திருப்பலி, தேர்பவனி எனக் கூட்டம் படிப்படியாகப் பெருகும். எனவே சரக்கையும் படிப்படியாக இறக்குவதே நலம். முதல் நாளே முழு முதலையும் முடக்க வேண்டாம்.

தேதியில் இரண்டு வகை உண்டு. மாறாத தேதிகள் ஒன்று: லூர்து மாதா பிப்ரவரி 11 (சேத்துப்பட்டு லூர்து மாதா கோயில் நமக்கு அருகிலேயே உள்ளது), அந்தோணியார் ஜூன் 13, மாதா விண்ணேற்பு ஆகஸ்ட் 15, கிறிஸ்துமஸ் டிசம்பர் 25. கோயில் எந்தப் புனிதரின் பெயரில் உள்ளது என்று கேட்டாலே தேதி பெரும்பாலும் தெரிந்துவிடும். சில பங்குகளில் வசதி கருதி அருகில் உள்ள ஞாயிறுக்கு மாற்றுவதும் உண்டு. ஆகவே கேட்டு உறுதி செய்துகொள்க.

மாறும் தேதி மற்றொன்று: ஈஸ்டர். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. 2024-ல் மார்ச் 31-ல் வந்தது. 2025-ல் ஏப்ரல் 20-ல் வந்தது. இருபது நாள் வித்தியாசம்! சென்ற ஆண்டின் பேரேட்டைப் பார்த்துச் சரக்கு பிடிப்பவர் இங்குதான் ஏமாறுவார். ஈஸ்டருக்கு 46 நாள் முன்பு சாம்பல் புதனன்று தவக்காலம் தொடங்குகிறது. அந்நாளிலும் வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சியைத் தவிர்ப்பார்கள். பலர் நாற்பது நாளும் தவிர்ப்பதுண்டு. அப்போது பருப்பு, பயறு, அப்பளம் நகரும். பெரிய வெள்ளியன்று பல கோயில்களில் கஞ்சி ஊற்றுவதால் நொய்யரிசி, பாசிப்பயறு தேவைப்படும். திருவிழாவுக்கு மெழுகுவர்த்தி, பொரி, அன்னதான அரிசி, எண்ணெய். கிறிஸ்துமசுக்கு அதிரச வெல்லம், பச்சரிசி, மைதா.

ஆர்டர் நம் ஊரிலேயே தங்க வேண்டுமானால், நோட்டீஸ் அச்சாகும் முன்பே பங்குப் பேரவையினரைச் சந்தித்து எழுத்து மூலம் விலைப்பட்டியல் கொடுங்கள். வேலூர் விலையோடு வண்டி வாடகையைக் கூட்டிப் பார்த்தால் நம் விலை அதிகமில்லை என்பது அவர்களுக்கே விளங்கும். மிஞ்சிய மூட்டையைப் பிரிக்காமல் திருப்பித் தந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். வெளியூர்க் கடை அந்த வசதியைத் தருவது அரிது. கடனுக்குக் கொடுத்தால் பொருளாளர் கையெழுத்தும், பணம் தரும் தேதியும் பில்லிலேயே இருக்கட்டும். விழா முடிந்தபின் குழு கலைந்துவிடும், கேட்க ஆளிருக்காது.

ஓர் எச்சரிக்கை. கடைப் பெயர் போட்டு சாலையோரம் ஃபிளெக்ஸ் பேனர் வைக்கச் சொன்னால் யோசியுங்கள். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்ததை நாடே அறியும். அனுமதியில்லாத பேனரால் சட்டச் சிக்கலும் வரும். அந்தத் தொகையை நோட்டீஸ் அச்சுக்குக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நோட்டீசைக் கல்லாவுக்கு எதிரே ஒட்டுங்கள். வருகிறவர்கள் தேதி பார்ப்பார்கள், பார்த்தவர்கள் சாமானும் வாங்குவார்கள்.

எம்மதத் திருவிழாவானாலும் அன்று ஓர் ஏழை வீட்டிலும் அடுப்பு சற்று அதிகமாக எரிகிறது. அந்த வீட்டுக்குச் சரியான எடையில், சரியான விலையில் பொருள் கிடைக்கச் செய்வது நம் கடமை. அடுத்த ஆண்டு நாட்காட்டி வாங்கியதும் இந்தத் தேதிகளைச் சிவப்பு மையால் குறித்துக்கொள்ளுங்கள்.