வெளியே கொடுப்பதா, நாமே செய்வதா?

'அவுட்சோர்சிங்' என்ற சொல்லை நீங்கள் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். ஒரு நிறுவனம் தனக்கு வேண்டிய சாப்ட்வேர், கம்ப்யூட்டர் வேலைகளை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைப்பதே அவுட்சோர்சிங். "செலவு குறையும், அதனால் கொடுக்கிறார்கள்" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி வெளியிலிருந்து வரும் வேலையைச் செய்யும் சாப்ட்வேர் இன்ஜினியர் நான். செலவைக் கணக்குப் போடும் முன் ஒரு நிறுவனம் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும் என்பேன்.

1. இது நம் தொழிலின் உயிர்நாடியா?

அமெரிக்காவின் கோடக் நிறுவனம் 1989ல் தன் டேட்டா சென்டர் வேலையை ஐ.பி.எம்.மிடம் ஒப்படைத்தது. போட்டோ பிலிம்தான் அன்று கோடக்கின் தொழில். கம்ப்யூட்டர் பராமரிப்பு அதற்குத் துணை வேலை. துணை வேலையைத் தாராளமாக வெளியே தரலாம்.

2. வேலையைத் தெளிவாக எழுதிக் காட்ட முடியுமா?

சம்பளப் பட்டியல் போடும் புரோகிராம் என்றால் விதிகளை எழுதிக் கொடுத்துவிடலாம். வாரத்துக்கு வாரம் தேவை மாறும் வேலை அப்படியல்ல. "இந்தத் தள்ளுபடி யாருக்கு?" என்ற ஒரு வரிச் சந்தேகத்துக்குப் பதில் கிடைக்க, அமெரிக்காவில் விடியும் வரை நாங்கள் காத்திருப்போம். இந்தக் காத்திருப்பு ஒப்பந்தத் தொகையில் தெரியாது. ஆனால் அதுவும் செலவுதான். மேற்பார்வை, டெஸ்டிங், பயிற்சி ஆகியவற்றையும் இதோடு சேர்த்துக் கொள்ளுங்கள்.

3. வேண்டும்போது திரும்ப எடுத்துக் கொள்ள முடியுமா?

ஜே.பி. மார்கன் சேஸ் வங்கி 2002 டிசம்பரில் ஐ.பி.எம்.முடன் 7 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. மதிப்பு 500 கோடி டாலர். டேட்டா சென்டர், நெட்வொர்க் போன்ற வேலைகளும், அவற்றைச் செய்த சுமார் 4,000 பேரும் ஐ.பி.எம். பக்கம் போவதாக ஏற்பாடு. 2004 ஜூலையில் பேங்க் ஒன் வங்கி இதனுடன் இணைந்தது. வங்கி பெரிதானதும், இந்த வேலைகளைத் தானே செய்வது நல்லது என்று நிர்வாகம் கருதியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஒப்பந்தம் ரத்தானது. ஊழியர்களையும் வங்கி திரும்ப அழைத்துக் கொண்டது. வேலை தெரிந்தவர்கள் திரும்பி வந்ததால்தான் இது முடிந்தது. அவர்கள் கலைந்து போயிருந்தால்?

உங்கள் கடைக்குப் பில் போடும் சாப்ட்வேர் எழுதித் தர ஆள் தேடுகிறீர்களா? விலை பேசும்போதே, டேட்டாவின் பேக்கப், பாஸ்வேர்டு, சோர்ஸ் கோடு மூன்றும் உங்களிடம் தரப்பட வேண்டும் என்று எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். எழுதித் தந்தவர் ஊர் மாறிப் போனாலும் உங்கள் கடையில் பில் நிற்காது.